பனிமலைக்கு ஐந்தாவது வழி

எலப்புள்ளியில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஓசை எங்கள் வயல்களுக்குப் பழகிப்போனது. மார்கழியில் வாளையார் வழியாக வறண்ட காற்று இறங்கி இரவெல்லாம் பனையோலைகளை உரசிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றுகூடச் சொல்ல முடியாது. வடக்கே மலம்புழை மலைகள், தெற்கே நெல்லியாம்பதி, இரண்டுக்கும் நடுவில் நாங்கள். சிறு வயதிலிருந்து கேட்ட ஒலிதான். ஆனால் 2024 அக்டோபரில் அம்மாவைக் கேதாரத்துக்குக் கூட்டிப் போய்வந்த பிறகு, அதைக் கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ அசைகிறது. பயம் இல்லை. வெறுப்பும் இல்லை. ஊர் திரும்பிய சில நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா, "எப்படி இருந்துது கேதாரம்?" என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலில் அது தொடங்கியிருக்க வேண்டும். "பாத்தாச்சுங்க அக்கா. ஆனாப் போய்ட்டு வந்தாப்பல இல்லெ."

அம்மாவுக்கு இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன. கௌரிகுண்டத்திலிருந்து கேதாரம்வரை 16 கிலோமீட்டருக்கும் மேலான ஏற்றம்; அவரால் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்க முடியாது. கோவேறு கழுதைமேல் உட்கார மாட்டேன் என்றார். டோலியில் நாலு பேர் தோளில் போவதும் பிடிக்கவில்லை. மிஞ்சியது ஹெலிகாப்டர். ஃபாட்டாவில் தகரக் கூரை போட்ட காத்திருப்புக் கொட்டகையில் எங்களை எடைபோட்டார்கள். கோயிலுக்குப் போகிறவரை எடைபோடுவதைப் பார்த்து அம்மா கூச்சத்தோடு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். 80 கிலோவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம், பை 2 கிலோவுக்கு மேல் கூடாது. மேலே போகப் போகக் காற்று மெலியும், சுழலும் இறகுக்குப் பிடிமானம் குறையும். அந்தக் கணக்கில் ஒவ்வொரு கிலோவுக்கும் இடம் உண்டு. பிறகு குனிந்து ஓட்டம், யாரோ ஒருவர் கையைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார், கதவு சாத்தப்படுகிறது, பல்லுக்குள் அதிர்வு இறங்குகிறது. பத்து நிமிடம்கூட இல்லை. மந்தாகினி வெளிறிய பச்சை நிறத்தில் கீழே ஓடியது. சரிவுகளில் மண் உரிந்த வடுக்கள். ஒரு திருப்பத்தில் எதிரே முழுவதும் வெள்ளை. 6,940 மீட்டர் உயரமுள்ள கேதார சிகரமும் அதன் தோளில் சாய்ந்த பனியும் கண்ணாடிக்கு அப்பால் அசையாமல் நின்றன. அம்மா கைகூப்பினார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, அவருக்கே கேட்டிருக்காது. இறங்கியபோது இயந்திரத்தை நிறுத்தவில்லை. நாங்கள் இறங்கிய இருக்கைகளில் அடுத்தவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அது அழகாக இருந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளையை அவ்வளவு அருகில் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை, இன்றும் கண்ணை மூடினால் வருகிறது. குறை வேறெங்கோ இருக்கிறது. 3,583 மீட்டர் உயரத்தில் கால் வைத்ததும் தலை கனத்தது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. உயரம் கூடும்போது உடம்பு மெல்ல மெல்லத் தன் மூச்சையும் இரத்தத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நடந்து வருகிறவர் அந்த நேரத்தை வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வருகிறார். நாங்கள் கொடுக்கவில்லை. அம்மா சொன்னதன் ஒரு பகுதி இந்த உடல் சார்ந்த உண்மையாக இருக்கலாம். கண் போய்ச் சேர்ந்துவிட்டது, உடம்பு ஃபாட்டாவிலேயே நின்றுவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் இன்னும் ஏதோ இருந்தது. அதைப் பிடிக்க நான் சேக்கிழாரிடம் போக வேண்டியிருந்தது.

தமிழில் பனிமலைக்குப் போன வழிகள் நான்கு என் நினைவில் இருக்கின்றன. காரைக்காலம்மையார் கயிலையில் கால் படக்கூடாதென்று தலையால் நடந்து ஏறினார். அப்பர் முதிய வயதில் காசிக்கும் அப்பால் நடந்தார். பாதம் தேய்ந்த பிறகு கைகளால் ஊர்ந்தார், அதுவும் தேய்ந்தபின் மார்பால் தவழ்ந்தார், பின் புரண்டார். உடம்பில் ஒன்றும் மிஞ்சாத இடத்தில் திரும்பிப் போகச் சொல்லப்பட்டு, அங்கிருந்த பொய்கையில் மூழ்கி, திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி பெற்றார். சுந்தரர் பறந்தார். எங்கள் கேரளத்தில் கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானைமேல் வானவழியே போனார். சேரமான் பெருமாள் தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதிப் பின்தொடர்ந்தார். ஆடி சுவாதியன்று அந்த நிகழ்வைக் கொண்டாடக் கோயமுத்தூரிலிருந்து அடியார்கள் கொடுங்கல்லூருக்குப் போவார்கள், வாளையார் வழியாகத்தான். நான்காவது சம்பந்தர். அவர் போகவே இல்லை. திருக்காளத்தியில் நின்றபடி வடதிசைத் தலங்களைப் பாடினார், கேதாரம் உட்பட. அதாவது இன்றைக்கு நாம் எடைபோட்டுப் பறந்து போகிற அதே கேதாரத்துக்கு, போகாமலேயே ஒரு பதிகம் தமிழில் இருக்கிறது. தேவாரத்தில் அது பாடல்பெற்ற தலம் என்ற முழுத் தகுதியோடு நிற்கிறது. போகாததால் அதன் மதிப்பு குறைந்ததாக நம் மரபு ஒருபோதும் கருதவில்லை. இது எனக்கு வியப்பாக இருக்கிறது. பார்க்காத மலையைப் பாடலாம், பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் மலைக்கும் இல்லை மனிதனுக்கும் இல்லை என்று ஒரு பண்பாடு எந்தப் பதற்றமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது.

நான்கில் ஒன்று பறத்தல் என்பதால் பறப்பதையே பழிக்க என்னால் முடியாது. சுந்தரருக்கு யானை அனுப்பப்பட்டது. அவர் கேட்டு வாங்கவில்லை, போனவர் திரும்பவும் இல்லை. மற்ற மூவரில் இருவர் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள், ஒருவர் இருந்த இடத்திலேயே நின்றார். எந்த வழியிலும் மலை எதையும் இழக்கவில்லை. மலைக்கு ஒரு சேதமும் இல்லை, வழியில் இருந்தவர்களுக்கும் இல்லை. ஐந்தாவது வழி வந்தபோது இந்த இடத்தில்தான் ஏதோ மாறிவிட்டது என்று நினைக்கிறேன். பார்க்கிறவன் கொடுக்க வேண்டியதைப் பணமாகக் கொடுத்துவிட்டான். மீதியை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

யார் கொடுக்கிறார்கள் என்று அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்திருக்க முடியும், பார்த்தேன், ஆனால் பனியைப் பார்க்கும் அவசரத்தில் கண்ணில் தங்கவில்லை. மலைச்சரிவில் நூல்போல ஒரு பாதை. அதில் மஞ்சளும் நீலமுமாக மழையங்கிகள். கழுதைகள். கூடையில் மனிதரைச் சுமந்து முதுகு வளைந்து ஏறும் நேபாளிகள். காலையில் முதல் ஹெலிகாப்டர் கிளம்பியதிலிருந்து அந்தப் பாதையில் பேச்சு பாதிப் பாதியாகத்தான் கேட்கும். அடுத்த நாள் ஒரு சுமைக்காரர் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தார். சத்தம் மேலே வரும்போதெல்லாம் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவருக்கு எரிச்சல் இல்லை. பழகிவிட்டது. பாதைக்கு இருபுறமும் இருப்பது கேதார்நாத் வனவுயிர்ச் சரணாலயம், கஸ்தூரி மானுக்காக 1972இல் அறிவிக்கப்பட்டது. கஸ்தூரி மான் தனியாக வாழும் பிராணி, காதால் வாழ்கிறது. தரையிலிருந்து குறைந்தது 600 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும் என்று இந்திய வனவுயிர் நிறுவனம் பரிந்துரைத்தது. பள்ளத்தாக்கு குறுகலானது, மேகம் தாழ்வாக வந்து அடைக்கும், ஓட்டுநர் கண்ணால் தரை பார்த்து ஓட்டுகிறார், ஒரு நாளில் எத்தனை முறை போய்வந்தாரோ அத்தனைக்குத்தான் வருமானம். அந்த 600 மீட்டர் எப்படிக் காப்பாற்றப்படும்?

அந்தப் பள்ளத்தாக்கு நம்மிடம் கணக்குக் கேட்காமலும் இல்லை. 2022 அக்டோபர் 18 அன்று கேதாரத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் கருட்சட்டி அருகே மலையில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். நாங்கள் போய்வந்த அடுத்த ஆண்டில், 2025 ஜூன் 15 விடியற்காலையில், கேதாரத்திலிருந்து குப்தகாசிக்குத் திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்டம் காட்டுக்குள் விழுந்தது. மீண்டும் ஏழு பேர், ஒரு குழந்தையும் ஓட்டுநரும் சேர்த்து. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த அம்மா எழுந்து போய் விளக்கேற்றினார். ஒன்றும் பேசவில்லை. அதே பள்ளத்தாக்கில்தான் 2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழையும் உருகிய பனியும் சேர்ந்து, கோயிலுக்கு மேலே சோராபாரி பனியாற்றின் ஓரத்தில் இருந்த ஏரியின் கரை உடைந்து, ஊரையே அடித்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அப்போது மிச்சமிருந்தவர்களை மீட்டவை ஹெலிகாப்டர்கள். ஜூன் 25 அன்று மீட்புப் பணியில் இருந்த விமானப்படையின் எம்ஐ-17 ஒன்று கௌரிகுண்டம் அருகே விழுந்து 20 பேர் உயிர்விட்டார்கள். அவர்கள் அந்த மலைக்கு மேலே இருந்தது காட்சிக்காக அல்ல. ஒரே இயந்திரம், ஒரே பள்ளத்தாக்கு, ஒரே மேகம். ஆனாலும் இந்த இரண்டு பறத்தல்களையும் ஒரே சொல்லால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பனியாறு என்பது ஆறு என்ற பெயரோடு நிற்பதுபோல் இருந்தாலும் அது நகர்கிறது. அதன் முகப்போ இன்று உலகெங்கும் பெரும்பாலும் பின்வாங்குகிறது. நியூசிலாந்தின் தென்தீவில் ஃபிரான்ஸ் ஜோசப், ஃபாக்ஸ் என இரண்டு பனியாறுகள் மழைக்காட்டுக்குள் இறங்கி வருகின்றன. முன்பு பள்ளத்தாக்கு வழியாக நடந்துபோய் அந்தப் பனியின்மேல் கால் வைக்கலாம். பனி உருகிப் பின்வாங்கி, அதன் முகப்பு சரிந்து ஆபத்தாகிவிட்டதால், ஃபிரான்ஸ் ஜோசப்பில் 2012 முதலும் ஃபாக்ஸில் 2014 முதலும் வழிகாட்டியோடு பனியில் நடக்க விரும்புகிறவர்கள் ஹெலிகாப்டரில்தான் போய் இறங்க வேண்டும். 2015 நவம்பர் 21 அன்று ஃபாக்ஸ் பனியாற்றைச் சுற்றிக்காட்டப் பறந்த ஒரு ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தபின் நெடுநேரம் வேறொன்றையும் என்னால் படிக்க முடியவில்லை. எண்ணெயை எரித்து நாம் சூடாக்கிய காற்றில் பனி பின்வாங்குகிறது. பின்வாங்கிய பனியைப் பார்க்க இன்னும் எண்ணெயை எரித்துப் பறக்கிறோம். மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மறைவதை விரைவுபடுத்துகிறது. இந்த ஆசை எனக்கும் உண்டு. அம்மாவின் மூட்டைக் காரணமாகச் சொன்னாலும், ஜன்னலோர இருக்கை கிடைக்க வேண்டும் என்று மனதுக்குள் நினைத்தவன் நான்.

எங்கள் மலைகளில் பனியாறு இல்லை. மூணாற்றில் தை மாதத்து விடியலில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து ஒன்பது மணிக்குள் மறையும், அவ்வளவுதான். ஆனால் பனியுகத்தின் நினைவு இந்த மலைகளில் இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளின் சதுப்பில், புல்லும் பாசியும் மட்கி அடுக்கடுக்காகக் கரி நிறச் சேறாகப் படிந்திருக்கிறது. சூழலியலாளர் ரமன் சுகுமாரும் அவரோடு பணிசெய்தவர்களும் அந்தச் சேற்றைத் தோண்டியெடுத்து, அதிலுள்ள கரிமத்தின் வகையைக் கணித்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் மழையையும் வறட்சியையும் படித்தார்கள். 1993இல் அது வெளியானது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கே பனி பெருகி நின்ற காலத்தில் இங்கே மழை குறைந்து, சோலை சுருங்கி, புல்வெளி பரந்தது என்று அந்தச் சேறு சொல்கிறது. இமயத்தின் பனிக்கும் எங்கள் புல்வெளிக்கும் உள்ள உறவை இதைவிட நெருக்கமாக எந்த உயரத்திலிருந்தும் பார்க்க முடியாது. இதைப் பார்க்க மண்டியிட்டுச் சேற்றில் கைவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாயையும் அப்படித்தான் நினைக்கிறேன். மேலிருந்து பார்த்தால் அது மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகல இடைவெளி, சில நிமிடப் பயணம். ஷோலிகோலா என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கும் சிறு பறவைக்கு அது கடக்க முடியாத கடல். குளிர்ந்த சோலையின் அடிநிழலை விட்டு அது வெளியே வராது, எங்கள் வெயில் வயல்களுக்கு மேலாகப் பறக்காது. அதனால் வடக்கே நீலகிரியில் ஓர் இனம், தெற்கே ஆனைமலையிலும் பழனியிலும் வேறோர் இனம் என்று பிரிந்துபோயிருக்கின்றன. எலப்புள்ளியின் நெல்வயல் ஒரு பறவையின் உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது என்பது இங்கே நின்று அறிந்தவனுக்குத்தான் சிலிர்ப்பு.

2022 பிப்ரவரியை இங்கே யாரும் மறக்கவில்லை. மலம்புழைக்குப் பக்கத்தில் குரும்பாச்சி மலையில் ஏறிய ஓர் இளைஞர் சறுக்கி, செங்குத்துப் பாறையின் நடுவே ஒரு பொந்தில் சிக்கிக்கொண்டார். உட்கார இடம் உண்டு, அசைய இடமில்லை. பகலில் பாறை சுடும், இரவில் குளிரும், தண்ணீர் இல்லை. மறுநாள் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது, பாறையின் சரிவாலும் காற்றாலும் நெருங்க முடியாமல் திரும்பியது. கீழே கூடியிருந்தவர்கள் அது திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராணுவ வீரர்கள், நீலகிரியின் வெலிங்டனிலிருந்து வந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களும் அவர்களில் உண்டு, இரவோடிரவாகக் காட்டு வழியில் மலையேறினார்கள். பிப்ரவரி 9 காலையில் ஒருவர் கயிற்றில் இறங்கி முதலில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், பிறகு தன் உடம்போடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுவந்தார். சுமார் 45 மணி நேரம் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் விமானப்படை ஹெலிகாப்டர் மலையுச்சியிலிருந்து அவரைத் தூக்கிக் கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சத்தம் எங்கள் ஊருக்குக் கேட்டது. அன்று மட்டும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்ஐ-17 குன்னூரில் நஞ்சப்பசத்திரம் அருகே மேகத்துக்குள் புகுந்து விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட 14 பேர் போனார்கள். நாட்டின் மிகத் தேர்ந்த கைகள் ஓட்டிய இயந்திரம் அது. நீலகிரியின் மேகம் யாருக்கும் தனிச்சலுகை தருவதில்லை. சுற்றுலாவுக்காக அந்த மேகத்துக்குள் தினமும் ஆட்களை அனுப்பலாம் என்று யோசிக்கிறவர்கள் அந்த நாளை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இடுக்கியில் இன்னொரு நாள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. மழையில் மின்சாரமும் தொலைபேசியும் போயிருந்ததால் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 70 பேர். ஏறக்குறைய எல்லாரும் தமிழர்கள், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கத்துக் கயத்தாறு. நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து முதலமைச்சரும் ஆளுநரும் ஹெலிகாப்டரில் மூணாறு வட்டாரத்துக்கு வந்து அங்கிருந்து சாலைவழியே போனார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போனபோது பிரதமர் ஆகஸ்ட் 10 அன்று வந்து மேலிருந்தும் பார்த்தார். இதில் தவறென்று நான் சொல்லவில்லை. மலை சரிந்த நீளம் முழுவதையும் மேலிருந்துதான் ஒரே பார்வையில் பார்க்க முடியும், அப்படிப் பார்ப்பதால் கிடைக்கும் அறிவு உண்மையானது. ஆனால் மேலிருந்து பார்க்கும்போது லயம் தெரியாது. பச்சைப் போர்வைமேல் ஒரு செம்மண் கோடு தெரியும். தேயிலை மலை மேலிருந்து பார்க்க மிக அழகானது. அந்த அழகின் வரிகள் ஒவ்வொன்றும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நின்ற இடம் என்பது நின்று பார்த்தால் மட்டும் தெரியும். ஹெலிகாப்டர் ஜன்னல் மூணாற்றைக் காட்டும். மூணாற்றில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டாது.

இப்போது அந்த ஜன்னல் எங்கள் மலைகளுக்கும் வருகிறது. கேரள அரசின் ஹெலி டூரிசம் திட்டம் 2023 டிசம்பரில் நெடும்பாசேரியில் தொடங்கிவைக்கப்பட்டது. 2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய ட்வின் ஆட்டர் கடல்விமானம் இடுக்கியின் மாட்டுப்பெட்டி நீர்த்தேக்கத்தில் சோதனையாக இறங்கியது. கரையில் கூட்டம் கைதட்டியது. வனத்துறை தன் கவலையைச் சொன்னது: அந்த நீர்த்தேக்கக் கரை யானைகள் நடமாடும் இடம். யானை நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் தொலைவில் இருக்கும் தன் கூட்டத்தோடு பேசுகிறது, பாதத்தாலும் அதிர்வைக் கேட்கிறது. வானத்தில் சுழலும் இறகுகளின் தாழ்ந்த அதிர்வு அதன் பேச்சுக்கு நடுவே விழும். கேதாரத்துத் தேநீர்க் கடையில் அந்தச் சுமைக்காரர் வாக்கியத்தை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். யானை என்ன செய்யும்? வழியை மாற்றும். மாறிய வழியில் ஒரு லயம் இருக்கும், ஓர் ஏலத்தோட்டம் இருக்கும், வாளையார்ப் பக்கமென்றால் ரயில் தண்டவாளம் இருக்கும். இங்கே யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

என் அம்மாவைப் போன்றவர்களுக்கு என்ன பதில் என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். கால் இல்லாதவர், மூச்சுக் குறைந்தவர், வாழ்நாளில் ஒருமுறை அந்தச் சந்நிதியில் நிற்க வேண்டும் என்று காத்திருந்த முதியவர், இவர்களிடம் சம்பந்தரைப் போல இங்கிருந்தே பாடிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நடப்பது உயர்ந்தது என்பது நடக்க முடிந்தவனின் பெருமையாகவும் இருக்கக்கூடும். அதனால் கேதாரத்தில் அந்தச் சேவை முழுவதும் நின்றுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எண்ணிக்கையைக் குறைக்கலாம், நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று வைக்கலாம், மேகம் இறங்கினால் வருமானம் பார்க்காமல் நிறுத்தலாம். ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன், மறுபடி கூப்பிட்டால் வருவீர்களா என்று. "கூப்பிட்டா வருவேன் கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாக் கீழ நடந்து போனவங்க தலைமேல சத்தம் போட்டுட்டுல்ல போனோம்" என்றார். அவர் கண்ணில் அது தங்கியிருந்திருக்கிறது.

மீட்க வருகிற ஹெலிகாப்டருக்கு எங்கள் வானம் முழுவதும் திறந்திருக்கட்டும். நோயாளியைத் தூக்கிச் செல்ல இடமலைக்குடி போன்ற ஆதிவாசிக் குடிகளுக்குப் பக்கத்தில் இறங்குதளம் அமைக்க வேண்டுமென்றால் இன்றே அமைக்கட்டும். ஆனால் வெறும் காட்சிக்காக ஆனைமலைக்கும் ஏலமலைக்கும் நெல்லியாம்பதிக்கும் மேலே பறப்பது கூடாது என்பதே என் முடிவு. நடந்தும் பேருந்தில் ஏறியும் போய்ச் சேரக்கூடிய மலைகள் இவை. பாலக்காட்டிலிருந்து நெல்லியாம்பதிக்கு அரசுப் பேருந்து போகிறது. 2025 ஜனவரியில் எங்கள் எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தபோது, எங்களைக் கேட்கவில்லையே என்று ஊராட்சி கேட்டது. பக்கத்துப் பெருமாட்டியில் குளிர்பான ஆலை வந்தபின் பிளாச்சிமடையின் கிணறுகளுக்கு என்ன நடந்தது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் அந்தக் கேள்வி எழுந்தது. நிலத்தடி நீரைப் போலவே மலைக்கு மேலுள்ள வானமும் கீழே வாழ்கிறவர்களுடையது. சுற்றுலாத் துறையினரிடம் ஒன்று கேட்கிறேன்: மூணாற்றிலோ நெல்லியாம்பதியிலோ ஹெலிபேடுக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால், அந்தந்த ஊரின் கிராமசபையைக் கூட்டுங்கள், லயத்தில் இருப்பவர்களையும் காட்டுக்குடிகளில் இருப்பவர்களையும் அதில் உட்காரவைத்து, தமிழிலும் மலையாளத்திலும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.